"எல்லா வட்டமும் நீலமா?": சின்ன வகுப்பில் தர்க்கம் பழக்குவது

மேசையில் நான்கு நீல வட்டங்கள், இரண்டு நீலச் சதுரங்கள், மூன்று சிவப்புச் சதுரங்கள் இருக்கின்றன. ஆறு வயதுக் குழந்தையிடம் "இதுல இருக்கிற எல்லா வட்டமும் நீலமா?" என்று கேட்டுப் பாருங்கள். நிறைய குழந்தைகள் உற்றுப் பார்த்துவிட்டு "இல்ல" என்பார்கள். ஏன் என்று கேட்டால் நீலச் சதுரத்தைத் தொட்டுக் காட்டி, "இதுவும் நீலமாத்தானே இருக்கு!" என்று பதில் வரும்.

குழந்தைக்கு நிறம் தெரியும், வடிவம் தெரியும், எண்ணவும் தெரியும். ஆனால் அது பதில் சொன்னது நாம் கேட்காத கேள்விக்கு. "வட்டமெல்லாம் நீலமா?" என்பதை "நீலமெல்லாம் வட்டமா?" என்று திருப்பிப் போட்டுக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜேயும் அவருடன் பணியாற்றிய பெர்பெல் இன்ஹெல்டரும் இந்தச் சிக்கலைப் பல குழந்தைகளிடம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பெரியவர்கள் மட்டும் என்னவாம்? திருடன் ஓடுவான் என்பதை வைத்துக்கொண்டு, ஓடுகிறவனையெல்லாம் திருடன் என்று பிடிப்பவர்கள் நம்மிடையே ஏராளம். குழந்தை செய்வதும் அதே தவறுதான், வட்டத்தையும் சதுரத்தையும் வைத்துச் செய்கிறது.

தர்க்கச் சிந்தனை என்றதும் புதிர்ப் புத்தகம், சதுரங்கம், வேகக் கணக்கு என்றெல்லாம் மனம் ஓடுகிறது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கையில் இருக்கும் செய்திகளை வைத்து ஒரு விஷயம் கட்டாயம் அப்படித்தானா, அப்படி இருக்கலாமா, அல்லது இருக்கவே முடியாதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஏன் என்று தன் வாயால் சொல்லவும் வேண்டும். இவ்வளவுதான் அடிப்படை. இந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் குழந்தைகளுக்கு மிகக் கடினம். "இருக்கலாம், இதை மட்டும் வெச்சு சொல்ல முடியாது" என்ற பதிலுக்கு வகுப்பறையில் மதிப்பெண் கிடைப்பதே இல்லை. கேள்வி என்றால் ஆம் அல்லது இல்லை என்று உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் குழந்தை பழகியிருக்கிறது. என்னைக் கேட்டால், சின்ன வகுப்பில் தர்க்கம் பழக்குவதில் பாதி வேலை இந்த ஒரு பதிலுக்கு இடம் கொடுப்பதுதான்.

இந்த வயதில் இது முடியுமா?

ஏழு வயதுக்கு முன் குழந்தையால் ஒழுங்காகத் தர்க்கம் செய்ய முடியாது என்ற எண்ணம் பரவலாக இருப்பதற்குப் பியாஜேயின் புகழ்பெற்ற சோதனைகள் ஒரு காரணம். இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்குவார்கள். இரண்டிலும் ஒரே அளவா என்று கேட்டால் குழந்தை ஆம் என்னும். பிறகு பெரியவர் ஒரு வரிசையை மட்டும் அகலமாக இழுத்துவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்பார். ஐந்து வயதுக் குழந்தைகள் பலர் நீண்ட வரிசையில்தான் அதிகம் என்பார்கள்.

1970களில் ஜேம்ஸ் மெக்கரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இருவர் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். வரிசையைக் கலைத்தது பெரியவர் அல்ல, பெட்டியிலிருந்து துள்ளி வந்த ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை. பெரியவர் கலைத்தபோது சரியாகச் சொன்னவர்கள் சுமார் 16 சதவீதம். கரடி கலைத்தபோது சுமார் 63 சதவீதம். பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், பதிலும் மாற வேண்டும் போலிருக்கிறது என்று குழந்தை ஊகித்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். கரடியின் குறும்பில் மயங்கிக் குழந்தைகள் வரிசையைக் கவனிக்கவே இல்லை என்று பின்னால் வந்தவர்கள் மறுத்ததும் உண்டு. அந்த வாதம் எப்படிப் போனாலும் ஆசிரியருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. குழந்தை நம் கேள்வியோடு சேர்த்து, நாம் ஏன் கேட்கிறோம் என்பதையும் படிக்கிறது. சரியான பதில் வந்த பிறகும் "நல்லா யோசிச்சு சொல்லு" என்றால், சரியாகச் சொன்ன குழந்தையும் பதிலை மாற்றிக்கொள்ளும்.

நினைவாற்றலுக்கும் இதில் பங்கு உண்டு. நீலக் குச்சி சிவப்பைவிட நீளம், சிவப்பு பச்சையைவிட நீளம் என்றால் நீலம் பச்சையைவிட நீளம். இது குழந்தைக்கு எட்டாது என்றுதான் நினைத்திருந்தார்கள். பீட்டர் பிரையன்ட், டாம் டிரபாஸோ இருவரும் 1971இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் சொன்ன ஒப்பீடுகள் நன்றாக நினைவில் பதியும்வரை பழக்கிவிட்டுக் கேட்டபோது நான்கு வயதுக் குழந்தைகளே சரியாகச் சொன்னார்கள். ஆகவே தர்க்கப் பயிற்சி கொடுக்கும்போது செய்திகளைக் குழந்தையின் தலையில் சுமத்தாதீர்கள். பொருளாகவோ படமாகவோ கண்முன் இருக்கட்டும்.

நான்கு கிண்ணம்

"கட்டாயம்", "இருக்கலாம்" இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட எனக்குத் தெரிந்து இதைவிட எளிய விளையாட்டு இல்லை. ஷில்பா மோடி, சூசன் கேரி என்ற ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஒரு சோதனையின் சாரம் இது.

நான்கு கிண்ணங்களைக் கவிழ்த்து வையுங்கள். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, நடுவில் இடைவெளி. ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு இடப்பக்க ஜோடியில் ஏதாவது ஒன்றுக்குள் ஒரு ஸ்டிக்கரும், வலப்பக்க ஜோடியில் ஏதாவது ஒன்றுக்குள் இன்னொரு ஸ்டிக்கரும் வைக்கிறீர்கள். எந்தப் பக்கம் எத்தனை என்று குழந்தைக்குத் தெரியும். எந்தக் கிண்ணம் என்பதுதான் தெரியாது. இப்போது இடப்பக்கத்தில் ஒன்றைத் திறந்து காலி என்று காட்டுங்கள். "ஒரே ஒரு கிண்ணத்தைத் திறக்கலாம். எதைத் திறப்ப?"

காலிக் கிண்ணத்தின் ஜோடியில் ஸ்டிக்கர் கட்டாயம் இருக்கும். வலப்பக்கம் உள்ள இரண்டிலும் "இருக்கலாம்" மட்டும்தான். இரண்டரை வயதுக் குழந்தைகள் இதில் தடுமாறினார்கள். மூன்று வயதிலிருந்து சரியான கிண்ணத்தைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். அப்படியானால் பள்ளிக் குழந்தைக்கு இது மிக எளிது என்று விட்டுவிடலாமா? கூடாது. தேர்ந்தெடுப்பது எளிது, காரணம் சொல்வது எளிதல்ல. வகுப்பில் இப்படிப் போகும்:

"ஏன் இதைத் தொட்ட?"

"அதுல இல்லல்ல."

"அதுல இல்லன்னா இதுல எப்படி இருக்கும்?"

"ரெண்டுல ஒண்ணுல வெச்சீங்க. அதுல இல்ல. அப்போ இதுலதான்."

"அந்தப் பக்கம் இருக்கிற இதுல?"

"அது... இருந்தாலும் இருக்கும்."

அந்த "இருந்தாலும் இருக்கும்" வந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். திறந்து காட்ட அவசரப்பட வேண்டாம். "அப்போ இது கட்டாயம், அது இருக்கலாம், அப்படித்தானே?" என்று பெயர் கொடுங்கள். குழந்தை தானாகச் செய்த வேலைக்குப் பெயர் கிடைத்துவிட்டால், அடுத்த நாள் வேறோர் இடத்தில் அதே சொல்லை எடுத்துப் பயன்படுத்தும். பழகிய பிறகு ஒரு பக்கம் மூன்று கிண்ணமாக்குங்கள். அந்தப் பக்கம் ஒன்று காலி என்று காட்டினாலும் இப்போது "கட்டாயம்" கிடைக்காது. அவசரக்காரர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

பிரிப்பதும் கேட்பதும்

பொருள்களை வகை பிரிப்பது எல்லாப் பாலர் வகுப்புகளிலும் நடக்கிறது. சிவப்பு இங்கே, நீலம் அங்கே. பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. ஹங்கேரியில் பிறந்த கணிதக் கல்வியாளர் ஸோல்டான் டீன்ஸ் பரவலாக்கிய தர்க்கக் கட்டைகள் அடுத்த படியைக் காட்டுகின்றன. வட்டம், சதுரம், முக்கோணம், நீள்சதுரம் என்று நான்கு வடிவம், மூன்று நிறம், பெரிது சிறிது, தடிமன் மெலிசு. எல்லாச் சேர்க்கையிலும் ஒவ்வொன்று, ஆக மொத்தம் 48 கட்டைகள். ஒரே மாதிரி இரண்டு கட்டை இருக்காது. அதனால் ஒரு கட்டையைக் குறிப்பிட வேண்டுமானால் நான்கு பண்புகளையும் சொல்லியாக வேண்டும். கட்டைகள் இல்லையென்றால் தாளில் வெட்டி வண்ணம் அடித்துக்கொள்ளலாம். தடிமனுக்குப் பதில் நடுவில் ஓட்டை உள்ளது, இல்லாதது என்று வைத்துக்கொண்டால் ஆயிற்று.

இதில் பல விளையாட்டுகள் உண்டு. ஒரே ஒரு பண்பு மட்டும் மாறும்படி ரயில் போலக் கட்டைகளை வரிசையாக வைப்பது ஒன்று. ஆசிரியர் மனதில் ஒரு விதியை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் எடுத்துத் தரும் கட்டை அதற்குள் வருமா வராதா என்று மட்டும் சொல்வது இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு வளையங்கள். தரையில் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி போடுங்கள். ஒன்றில் சிவப்பு, மற்றதில் வட்டம். சிவப்பு வட்டம் கையில் வரும் நேரத்தில் தகராறு தொடங்கும். "இதுக்குள்ளதான்", "இல்ல, அதுக்குள்ள". சிறிது நேரம் சண்டை போடட்டும். வளையங்கள் ஏறியிருக்கும் நடுப்பகுதியை யாராவது ஒரு குழந்தை கண்டுபிடிக்கும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அது வெறும் விதிமுறை ஆகிவிடும். அடுத்து நீல முக்கோணத்தை நீட்டுங்கள். அது இரண்டு வளையத்துக்கும் வெளியே. "எங்கேயும் சேராதது" என்பதற்கும் ஓர் இடம் உண்டு என்பது பல குழந்தைகளுக்குப் புதுச் செய்தி.

"இல்லை" என்ற சொல்லைச் சேர்த்தால் எல்லாமே ஒரு படி கடினமாகும். "சிவப்பு இல்லாத கட்டையெல்லாம் எடு" என்றால் நீலத்தை மட்டும் எடுத்துவிட்டு மஞ்சளை விட்டுவிடுவார்கள். நிறையத் தடவை செய்ய வேண்டிய பயிற்சி அது. விளக்கிப் பயனில்லை.

கேள்வி கேட்கும் விளையாட்டுக்கு வருவோம். நான் நினைத்த படம் எது என்று, ஆம் இல்லை மட்டும் பதிலாக வரும் கேள்விகள் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். மோஷர், ஹார்ன்ஸ்பி இருவரும் 1966இல் வெளியிட்ட ஆய்வில் 42 படங்களை வைத்து 6, 8, 11 வயதுக் குழந்தைகளைக் கேட்கச் சொன்னார்கள். ஆறு வயதினர் பெரும்பாலும் "இதுவா? அதுவா?" என்று ஒவ்வொரு படமாகக் குறிவைத்தார்கள். வயது ஏற ஏற, "உயிருள்ளதா?" போல ஒரு கூட்டத்தையே ஒதுக்கும் கேள்விகள் வந்தன.

சின்னக் குழந்தைகளுக்கு 16 அட்டைகள் போதும். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ஆகாத அட்டைகளைக் குழந்தையே கவிழ்க்க வேண்டும். இதுதான் விளையாட்டின் உயிர். "பூனையா?" என்று கேட்டு, இல்லை என்ற பதில் வந்தால் ஒரே ஓர் அட்டை கவிழும். "நாலு கால் இருக்கா?" என்று கேட்டு, இல்லை வந்தால் மொத்தமாக எட்டு கவிழக்கூடும். எது நல்ல கேள்வி என்று நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை, கவிழ்ந்து கிடக்கும் அட்டைகளே சொல்லிவிடும். ஒவ்வொரு முறையும் சரிபாதி கழிந்தால் 16 எட்டாகும், எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். நாலே கேள்வி. இன்னொரு நல்ல பழக்கமும் இதில் உண்டு. "இல்லை" என்ற பதில் தோல்வி அல்ல, அதுவும் ஒரு செய்தி என்று குழந்தைக்குப் புரிகிறது. முதலில் "இல்லை" கேட்டு முகம் வாடும் பிள்ளை, சில ஆட்டங்களுக்குப் பிறகு "இல்லையா? நல்லது!" என்று அட்டைகளைக் கவிழ்க்கத் தொடங்கும்.

'என்றால்' பழகுவது

"மழை பெய்தால் தரை நனையும்." சரி. தரை நனைந்திருக்கிறது. மழை பெய்ததா? குழந்தைகள் ஒரே குரலில் "ஆமா!" என்பார்கள். இங்கே தவறு என்று சொல்வதைவிட, "வேற எப்படியெல்லாம் தரை நனையும்?" என்று கேட்பது நல்லது. குழாய் திறந்திருக்கலாம், யாரோ வாளியைக் கவிழ்த்திருக்கலாம், கழுவிவிட்டிருக்கலாம். இரண்டு மூன்று காரணம் வந்ததும் குழந்தையே "அப்போ மழையான்னு தெரியாது" என்று இறங்கி வரும். வேறு காரணம் ஒன்று மனதில் தோன்றினால்தான் திருப்பிப் போடும் தவறு நிற்கும். முதலில் பார்த்த நீல வட்டச் சிக்கலும் இதுவும் ஒரே குடும்பம்தான்.

அனுமதி விதிகளில் குழந்தைகள் ஆச்சரியப்படும் அளவுக்குக் கெட்டிக்காரர்கள். பால் ஹாரிஸ், மரியா நூனியஸ் ஆகியோரின் 1996ஆம் ஆண்டு ஆய்வில், "வெளியே விளையாடப் போனால் கோட் போட்டுக்கொள்ள வேண்டும்" என்பது போன்ற விதியைச் சொல்லி நான்கு படங்களைக் காட்டினார்கள். விதியை மீறுவது எந்தப் படம் என்று மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளே சரியாகத் தொட்டுக் காட்டினார்கள். வெளியே, கோட் இல்லாமல். உள்ளே கோட் இல்லாமல் இருப்பவர் விதியை மீறவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1966இல் பீட்டர் வேசன் உருவாக்கிய அட்டைச் சோதனையில், எழுத்தும் எண்ணுமாக இதே வகைத் தர்க்கத்தைக் கொடுத்தால் படித்த பெரியவர்களில் பெரும்பாலோர் தோற்கிறார்கள்! எனவே "என்றால்" பழக்கத்தை விதிகளிலிருந்து தொடங்குங்கள். வகுப்பறை விதி ஒன்றை எடுத்து, நான்கு சூழ்நிலைகளை வரைந்து, எது மீறல், எது மீறல் இல்லை, எதில் முழு விவரம் தெரியவில்லை என்று பேச வைக்கலாம்.

கற்பனையும் உதவும். "எல்லாப் பூனையும் குரைக்கும். ரெக்ஸ் ஒரு பூனை. ரெக்ஸ் குரைக்குமா?" என்று சாதாரணமாகக் கேட்டால், பூனை எங்கேயாவது குரைக்குமா என்று குழந்தை சிரிக்கும். மரியா டயஸ், பால் ஹாரிஸ் இருவரும் 1980களில் கண்டது, இது வேறொரு கிரகத்தில் நடப்பதாகக் கதை பாவனையில் சொன்னால் நான்கைந்து வயதுக் குழந்தைகளும் "குரைக்கும்" என்று சொல்வார்கள், "அங்கே எல்லாப் பூனையும் குரைக்கும்னு சொன்னீங்களே" என்று காரணமும் தருவார்கள் என்பது. உண்மையா பொய்யா என்பது வேறு, சொன்னதிலிருந்து என்ன வரும் என்பது வேறு. இந்தப் பிரிவினைக்கு ஒரு விசித்திரக் கிரகத்தைவிடச் சிறந்த இடம் கிடையாது.

"எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வியைப் பலரும் தவறான பதில் வந்தபோது மட்டும் கேட்கிறார்கள். உடனே குழந்தை புரிந்துகொண்டுவிடும்: டீச்சர் "எப்படித் தெரியும்"னு கேட்டா நம்ம பதில் தப்பு. பிறகு அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை. சரியான பதிலுக்கும் அதே குரலில் கேளுங்கள்.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது படிக்கும்போது சின்னதாகத் தெரியும். முப்பது பிள்ளைகள் முன் நின்று மௌனமாக இருந்து பாருங்கள், அதன் நீளம் தெரியும்.

காரணம் சொல்லவே வராத குழந்தைக்கு ஒரு வழி உண்டு. ராபர்ட் சீக்லர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், வில்லை வரிசைக் கணக்கில் தடுமாறிய ஐந்து வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் அவர்கள் பதிலுக்கே காரணம் கேட்டார்கள். இன்னொரு பகுதியினரிடம், சரியான பதிலைச் சொல்லிவிட்டு, "எனக்கு இது எப்படித் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிற?" என்று கேட்டார்கள். இரண்டாம் வகையினர்தான் அதிகம் கற்றார்கள். குழந்தையின் தவறான பதிலை அதுவே நியாயப்படுத்தும்படி விடுவதைவிட, சரியான பதிலின் காரணத்தைத் தேட வைப்பது பலன் தருகிறது.

செயலிகளையும் பயிற்சித் தாள்களையும் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வகைப் புதிரில் தேர்ந்தவர் எல்லாவற்றிலும் தர்க்கமாக யோசிப்பார் என்ற நம்பிக்கை பழையது. குழந்தைகளுக்காக 1967இல் உருவான லோகோ கணினி மொழியைப் பற்றி, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட்டுக்குப் பெரிய கனவுகள் இருந்தன. ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் 1980களில் சோதித்தபோது, ஓராண்டு லோகோ பயின்ற குழந்தைகள் வேறொரு திட்டமிடும் வேலையில் மற்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. லோகோ வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஓர் இடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானாக நடந்து போகாது. நாம்தான் கைபிடித்து அழைத்துப் போக வேண்டும். கிண்ண விளையாட்டில் வந்த "கட்டாயம்", "இருக்கலாம்" இரண்டும் கதை நேரத்திலும், கணக்கிலும், காணாமல் போன பென்சிலைத் தேடும்போதும் ஆசிரியர் வாயிலிருந்து வர வேண்டும். "பென்சில் பையில் இருக்கலாம். பார்த்தாச்சா? பையிலும் இல்ல, மேசையிலும் இல்லன்னா?"

இதெல்லாம் வேலை செய்யத் தொடங்கினால் ஒரு தொல்லை கூடவே வரும். "எல்லாரும் பேசிட்டே இருக்கீங்க!" என்று நீங்கள் அதட்டும்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்: "நான் பேசலையே, டீச்சர்." எல்லாரும் என்ற கூற்றை உடைக்க ஒரே ஒருவர் போதும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. வாய்த்துடுக்கு என்று அடக்கிவிடலாம், ஆனால் வாரக்கணக்கில் பழக்கியது அந்த இடத்தில் வீணாகும். "சரி, எல்லாரும் இல்ல. நிறைய பேர்" என்று திருத்திக்கொண்டு பாடத்தைத் தொடருங்கள்.